கரகத்தாரின் குளிர்ந்த கால்

நெருப்பில் இறங்குகிறவன் காலைப் பூசாரி தொட்டுப் பார்த்த பிறகுதான் கையில் காப்புக் கட்டுவார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற ஒரு சின்ன ஊரில், திரௌபதி அம்மன் கோயிலில் அப்படி ஒரு முறை இருந்தது. மஞ்சள் தண்ணியை ஊற்றி, இரண்டு பாதத்தையும் கையால் வழித்துவிட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கரகம் எடுக்கிறவன் என்றால் ஊரே அவன் காலில் விழும். நிலம் உள்ளவரும் விழுவார், அவர் நிலத்தில் களை எடுக்கிறவளும் விழுவாள்.

கொளஞ்சியப்பன் மீசை அரும்பிய வயசில் வேண்டுதலுக்காகத் தீ மிதிக்க வந்தான். பூசாரி பொன்னுரங்கம் தண்ணியை ஊற்றினார், வழித்தார். வழித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாடா இது? காலு கெணத்துத் தண்ணி மாதிரி இருக்குது?”

சித்திரை மாசத்து வெயில். மண்ணில் கால் வைக்க முடியவில்லை. மற்றவன் காலெல்லாம் சூளைச் செங்கல் மாதிரி கொதிக்கிறது. இவன் கால் மட்டும் ஜில்லென்று இருக்கிறது. தர்மகர்த்தா ராஜாங்கம் வந்து தொட்டுப் பார்த்தார். அவர் வீட்டுப் பொம்பளைகள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். யாரோ குலவை போட்டார்கள்.

“தீக்குழில எறங்கறதுக்கு முன்னாடியே ஆத்தா இவன் காலக் குளுர வச்சிட்டாய்யா!” என்றார் ராஜாங்கம்.

அடுத்த வருசத்திலிருந்து பூங்கரகம் கொளஞ்சியப்பன் தலைக்கு வந்தது. கரகம்தான் முதலில் நெருப்பில் இறங்கும். அவன் இறங்கிப் போன பிறகுதான் மற்றவர்கள். அவனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஜீப்புக்கு மூட்டை ஏற்றுகிற கூலிக்காரன். ஆனாலும் அன்றையிலிருந்து அவனை “டேய்” என்று கூப்பிட ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. “கரகத்தாரே” என்பார்கள். டீக்கடையில் பெஞ்சியில் இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள்.

செவ்வந்தி வடக்கனந்தலிலிருந்து அவனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். தாய்மாமன் மகள். வந்த புதிதில், தூக்கத்தில் அவன் கால் தன் மேல் பட்டு, தவளை ஏறிவிட்டதென்று நினைத்து அலறி எழுந்தாள். அவன் சிரித்துவிட்டான். மாமியார் தைலம்மாள் காலையில் அவளை உட்கார வைத்து விவரம் சொன்னாள்.

“சின்னப் புள்ளையில இவனுக்கு மூக்குல ரத்தமா கொட்டும். தல வலிக்குதுன்னு செவுத்துல முட்டிக்குவான். பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரு பாத்துட்டு மெட்ராசுக்கு எழுதிக் குடுத்தாரு. நெஞ்சுக்குள்ள ரத்தக் கொழா சுருங்கிக்கினு இருக்குதுன்னு முதுவ அறுத்துச் சரி பண்ணாங்க. உசுரோட வந்தான்னா தீ மிதிக்க வக்கிறேன்னு ஆஸ்பத்திரி வாசல்ல உழுந்து வேண்டிக்கினேன். அப்பலாம் காலு வெதுவெதுன்னுதான் இருந்துச்சி. வளர வளரத்தான் ஆத்தா வந்து உக்காந்துட்டா.”

அறுத்த தழும்பு அவன் இடது தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து, முதுகைச் சுற்றி விலாப்பக்கம் வந்திருந்தது. வருசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை ஓடி ஆடித் திரிகிறானே என்று தைலம்மாள் கொஞ்ச வருசத்தில் விட்டுவிட்டாள். அதை யார் குற்றம் சொல்ல முடியும்? குணமான பிள்ளையை எந்தத் தாய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள்? அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

செவ்வந்திக்கு மட்டும் தெரிந்த விசயம் ஒன்று உண்டு. நெருப்பிலிருந்து வந்த கால் கன்றிக் கொப்புளித்துப் போயிருக்கும். மற்றவர்களுக்கு அந்தக் கொப்புளம் சீக்கிரம் காய்ந்துவிடும், இவனுக்கு ஆடி பிறந்தாலும் ஆறாது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அவள்தான் போட்டுவிடுவாள். வெளியே போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டு போவான். “கரகத்தாரு காலுல ஒரு தழும்பு கெடயாது” என்று ஊர் பேசும். அவன் மறுத்துச் சொல்ல மாட்டான். அவளும் சொல்ல மாட்டாள்.

இன்னொன்று, அவனால் மலை ஏற முடியாது. கீழே ஜீப்பில் மூட்டை ஏற்றுவான். வெள்ளிமலைக்கு ஜீப்பிலேயே போய் மரவள்ளி மூட்டை இறக்கி ஏற்றுவான். ஆனால் காட்டு வழியில் கொஞ்ச தூரம் மேடேறி நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்துவிடுவான். அதற்கும் ஊரில் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்.

“நம்ப ஆத்தா கீழ்நாட்டுக்காரி. மேல போனா மலைக்காரங்க சாமி கரியராமரு எல்லை. அவரு எடத்துல இவ எப்படி காலு வப்பா? அதான் கரகத்தாரு காலு மக்கர் பண்ணுது.”

சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

மகள் தங்கமணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருசம் அவனுக்குத் தலைவலி மறுபடி வந்தது. மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டே இருந்தான். தை மாசக் கடைசியில் வெள்ளிமலையில் மூட்டை தூக்கும்போது மூக்கில் ரத்தம் கொட்டி, கண் இருட்டி, ஜீப்புச் சக்கரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டான். கூட இருந்தவர்கள் அங்கே இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சேதி கேட்டு செவ்வந்தி அடுத்த ஜீப்பைப் பிடித்து ஓடினாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. மறுபடி பார்த்தாள். பிறகு காலை நீட்டச் சொல்லி, தொடைக்கு மேலே விரல் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். பாதத்தைத் தொட்டதும் அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“ஏன் இழுக்குறீங்க?”

“நெருப்புல எறங்கற காலுங்க மேடம். பொம்பளைங்க சும்மா தொடக் கூடாது.”

“இப்படி ஜில்லுனு எத்தினி வருசமா இருக்கு?”

“அது ஆத்தா குடுத்ததுங்க” என்றான் அவன். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

டாக்டர் செவ்வந்தியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காகவே செவ்வந்தி அவளை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்க ஊருக்கு வாய்க்கால் தண்ணி வருது இல்ல? நடுவுல மதகு அடச்சிக்கிச்சின்னா இன்னா ஆவும்?”

“மதகுக்கு மேல கரை ஒடையும். கடைமடை காஞ்சி போவும்.”

“அதான் இவருக்கு. சின்ன வயசுல சரி பண்ண எடத்துலயே ரத்தக் கொழா மறுபடி சுருங்கிடுச்சி. மேல தலைக்கும் கைக்கும் ரத்தம் முட்டுது. கீழ காலுக்குப் போறது கம்மி. அதான் காலு ஜில்லுனு இருக்கு, நடந்தா இழுக்குது. இப்படியே உட்டா ஒரு நாளைக்கு மண்டையில நரம்பு வெடிக்கும். இல்ல, நெஞ்சுலயே வெடிக்கும்.”

  ஜீப்பில் மலை இறங்கி வரும்போது, கொளஞ்சியப்பன் வளைவுக்கு வளைவு தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். மூக்கில் ரத்தம் கொட்டி விழுந்ததைவிட அந்தப் பெண் சொன்ன அந்த வாய்க்கால் கணக்குத்தான் அவனைச் சுருட்டிப் போட்டுவிட்டது.

சென்னைக்குப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், மிஷினுக்குள் படுக்க வைத்தார்கள். தலை நரைத்த ஒரு டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். சிலபேருக்குத் தொடை வழியாக பலூன் விட்டு விரித்துவிடலாமாம். இவனுக்குச் சுருங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் புடைத்துக்கொண்டு நிற்கிறதாம். அதனால் பழைய தழும்பு மேலேயே மறுபடி அறுத்துத்தான் ஆகவேண்டும்.

“ரெண்டாவது தடவைன்றது மொத தடவை மாதிரி இல்லம்மா. உள்ள எல்லாம் ஒட்டிப் புடிச்சிக்கினு இருக்கும். காலுக்குப் போற நரம்பு பாதிச்சா காலு வராமப் போலாம். தொண்டைக்குப் போற நரம்பும் பக்கத்துலயே ஓடுது, கொரலு போலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு. ஆனா பண்ணலன்னா ஆபத்து ஜாஸ்தி. யோசிச்சிக்கினு வாங்க.”

சித்திரையில் ஒரு தேதி கொடுத்தார். அதை விட்டால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

பஸ்ஸில் வரும்போது திண்டிவனம் தாண்டித்தான் கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தான்.

“செவ்வந்தி, ரத்தம் கம்மியாப் போறதாலதான் காலு ஜில்லுனு இருக்குதுன்னா… அப்ப ஆத்தா?”

 “அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா? கொஞ்சம் கண்ண மூடு” என்றாள்.

ஊருக்கு வந்து பார்த்தால், பாரதக் கொடி ஏற்ற நாள் குறித்துவிட்டார்கள். டாக்டர் சொன்ன தேதி திருவிழாவுக்கு நடுவில் விழுந்தது. காப்புக் கட்டிவிட்டால் தீ மிதிக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது என்பது வழக்கம்.

ராஜாங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார். கெட்ட மனுசர் இல்லை. தைலம்மாள் செத்தபோது முன்னால் நின்று காரியம் செய்தவர்.

“டாக்டருங்க சொல்லுவாங்க கரகத்தாரே. எங்க மச்சானுக்கும் ஆறு மாசம்னாங்க, அவன் இன்னும் சுருட்டு புடிச்சிக்கினு திரியறான். இத்தினி வருசம் ஆத்தா காப்பாத்தல? ஆத்தா உக்காந்த ஒடம்புல கத்தி படலாமா? திருவிழா முடியட்டும். அப்புறம் நானே கார் வச்சி இட்டுக்கினு போறேன்.”

“தேதி போயிடும்ங்களே” என்றாள் செவ்வந்தி கதவுக்குப் பின்னாலிருந்து.

“ஆம்பளைங்க பேசும்போது நடுவுல இன்னாம்மா?”

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டே, “கட்டிக்கிறேங்க” என்றான்.

அவர் போன பிறகு செவ்வந்தி கத்தினாள். கையில் இருந்த முறத்தைத் தூக்கி எறிந்தாள். “உனுக்கு நானு வேணாம், புள்ள வேணாம், கரகம்தான் வேணுமா?” என்று கேட்டாள்.

அவன் முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னான்: “கரகம் இல்லன்னா நான் ஆருடி? மூட்ட தூக்கறவன். நாளைக்கி அதுவும் தூக்கக் கூடாதுன்றாங்க. அவங்க காலச் சூடாக்கி அனுப்பிட்டாங்கன்னா, அத்தினி வருசமும் பொய்யின்னு ஆயிடும். எங்கம்மா வேண்டுதலும் பொய்யின்னு ஆயிடும்.”

பூசாரி பொன்னுரங்கத்திடம் போய் அழுதாள். அவர் நல்ல பக்திமான். “ஜில்லுப்பும் அவ குடுத்ததுதான், சூட்டையும் அவதான் குடுக்கணும். எல்லாம் ஒருத்திதாம்மா” என்றார். ஆனால் ஊர்ச் சபையில் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. பூசாரி வேலை ஊர் கொடுத்தது.

காப்புக் கட்டுகிற நாள் வந்தது. கொளஞ்சியப்பன் காலையிலேயே வாய்க்காலில் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, வீட்டில் அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுக் கோயிலுக்குப் போனான். காப்புக் கட்டின பிறகு கோயில் சோறுதான். வீட்டுச் சோறு அதுதான் கடைசி. பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே கூடி நின்றது. பொன்னுரங்கம் மஞ்சள் தண்ணிச் சொம்பை எடுத்துக்கொண்டு அவன் காலடியில் குனிந்தார்.

செவ்வந்தி பொம்பளைகள் கூட்டத்தில் நின்றாள். அவன் கழுத்து நரம்பு துடிப்பது அவ்வளவு தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. திம் திம் என்று பம்பைக்குத் தாளம் போடுகிற மாதிரி துடித்தது. எப்போது வெடிக்கும், எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தன் கால் தானாக நடந்து போனதாகத்தான் அவளுக்கு ஞாபகம்.

சன்னதிக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று, “பூசாரி ஐயா, தொடாதீங்க!” என்றாள்.

பம்பை நின்றது.

“நானு வூட்டுக்குத் தூரம். காலையிலயே ஆயிட்டேன். பாத்துக்காம அவருக்குச் சோறு போட்டுட்டேன்.”

அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால், வாய்விட்டு, ஒரு பொம்பளை அப்படிச் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை.  தீட்டுப்பட்ட சோற்றைத் தின்றவனுக்குக் காப்புக் கட்ட முடியாது. நல்ல நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

அது பொய். செவ்வந்திக்குத் தெரியும். கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். ஒரு கூரைக்குக் கீழே இருக்கிற புருசனுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ‘இல்லை, இவள் பொய் சொல்லுகிறாள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காப்பு அவன் கைக்கு வந்துவிடும். அவள் கண்ணை இறக்கவில்லை. அவன் வாயைத் திறந்தான்.

பிறகு மூடிக்கொண்டான். யாரையும் பார்க்காமல், கயிற்றைத் தாண்டி வெளியே வந்து நின்றான்.

“அறிவு இருக்குதாடி உனுக்கு?” என்று ராஜாங்கம் கத்தினார். காப்பு தனசேகரன் கைக்குப் போனது. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிற நல்ல பையன், ஆனால் கரகம் தூக்கிப் பழக்கமில்லாதவன்.

 அதைப் பற்றி இரண்டு பேரும் அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு சென்னைக்கு பஸ் ஏறினார்கள்.

அறுக்கிற அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக்குள் இருந்த பிள்ளையார் மாடத்துப் பக்கம்கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்? வராண்டாவில் சுவரோரம் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேண்டிக்கொள்ள வாய் வரும், உடனே அடக்கிக்கொள்வாள். பொய் சொன்ன வாயால் கேட்டால் ஆத்தா எதிர்மாறாகச் செய்துவிடுவாளோ என்று பயம். காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் பொழுது சாயும்போது வெளியே வந்து, உயிர் இருக்கிறது என்றார்கள். கால்தான் இன்னும் தெரியாது, மயக்கம் தெளிய வேண்டும் என்றார்கள்.

மறுநாள் அவளை உள்ளே விட்டார்கள். மூக்கிலும் விலாவிலும் குழாய். கண் பாதி திறந்திருந்தது. நர்சம்மா, “கால் விரல ஆட்டுங்க பாக்கலாம்” என்றாள். போர்வைக்குள் ஒன்றும் அசையவில்லை.  “ஆட்டுங்க, ஆட்டுங்க” என்று நர்சம்மா அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் பெருவிரல் லேசாக மடங்கியது. பிறகு இன்னொரு காலும்.

செவ்வந்தி போர்வையை விலக்கிப் பாதத்தைப் பிடித்தாள். சுட்டது. ஆம், அவளுக்குச் சுட்டதாகவே இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அறிந்த கால் இல்லை அது. யாரோ ஒரு அன்னிய ஆம்பளையின் காலைப் பிடித்துவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் மறுபடி பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. காது கிட்டே வைத்துக் கேட்டாள்.

“காலு எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குது மாமா.”

“ஜில்லுனா?”

அவள் இன்னொரு பொய் சொல்ல விரும்பவில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு காதுக்குள் இறங்கியது.

கால் வந்தது, குரல் வரவில்லை. வலது பக்கம் இடது பக்கம் திரும்பலாம், எழுந்து நடக்கலாம், எல்லாம் ஆனது. பேசினால் மட்டும் உலர்ந்த ஓலையை உரசுகிற மாதிரி காற்று வந்தது. நரம்பு அடிபட்டிருக்கிறது, சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். முன்னாலேயே சொன்னதுதான். அவர் மேல் என்ன தப்பு? ஆனால் செவ்வந்திக்கு வேறு கணக்கு ஓடியது. அன்றைக்குச் சன்னதியில் பேச வேண்டிய குரல் பேசாமல் இருந்தது. பேசாத குரல் எதுக்கு என்று ஆத்தா எடுத்துக்கொண்டாள். பொய் சொன்னவள் நான், என் குரலை எடுத்திருக்கலாமே என்று அவள் புலம்பாத நாள் இல்லை. உள்ளுக்குள்தான்.

ஊருக்கு வந்தபோது திருவிழா முடிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே சேதி கிடைத்தது. கரகத்தோடு இறங்கிய தனசேகரன் நடுக்குழியில் தடுமாறி முட்டி போட்டு விழுந்துவிட்டான். முழங்காலும் உள்ளங்கையும் வெந்துபோய் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

குஞ்சம்மாள் பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுக்கும்போதே சொன்னாள்: “ஊரு முச்சூடும் உன்னியத்தான் பேசுது. தீட்டுச் சோத்தப் போட்டு ஊரக் கெடுத்துட்டாளாம். தண்ணி புடிக்கக் கொழா அடிக்குப் போனாலும் எட்டப் போயி நில்லு.”

செவ்வந்தி அதற்கு அழவில்லை. செய்யாத தப்புக்கு ஊர் திட்டியது. செய்த தப்பு என்னவென்று யாருக்கும் தெரியாது. இதுவே போதும் என்று வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து தனசேகரன் திரும்பியதும் அவன் வீட்டுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். அவன் அம்மா சொம்பை வாங்காமல் கதவைச் சாத்தினாள். மறுபடி போனாள். தனசேகரன்தான் உள்ளேயிருந்து, “வாங்கி வையேம்மா, அவங்க இன்னா வேணும்னேவா பண்ணாங்க?” என்றான். அந்த வார்த்தை அவளை அடித்த மாதிரி வேறு எதுவும் அடிக்கவில்லை.

கொளஞ்சியப்பனுக்கு மூட்டை தூக்குகிற வேலை போய்விட்டது. ராஜாங்கம் பழசை மனசில் வைத்துக்கொள்ளாமல் கரும்புத் தோட்டத்துக்குக் காவல் போட்டார். “டேய் கொளஞ்சி, மாடு உள்ள பூந்திடப் போவுது, பாத்துக்கினு இரு” என்பார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. வாய் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. பெஞ்சியில் யாரும் நகர்ந்து உட்காருவதில்லை. அவனும் டீக்கடைக்குப் போவதில்லை. ஒரு நாள் வாய்க்கால் கரையோடு மலையடிவாரம் வரைக்கும் நடந்து, மேலேயும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். கெண்டைக்கால் இழுக்கவில்லை. அதைச் செவ்வந்தியிடம் சொன்னபோது அவன் முகத்தில் சந்தோசம் இருந்ததா, துக்கம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த சித்திரையும் வந்தது. வெந்து போன கை ஆறியிருந்த தனசேகரனே மறுபடி கரகம் எடுக்கிறேன் என்றான். காப்புக் கட்டுகிற நாளில் செவ்வந்தி கோயிலுக்குள் போகவில்லை. அந்த வருசம் முழுக்கவும் போகவில்லை. மெய்யாகவே தீட்டுள்ள பொம்பளைகள் நிற்கிற புளியமரத்தடியில், சுத்தமாக இருந்த நாளில், அவள் போய் நின்றாள். அவளாகவே தனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை.

கொளஞ்சியப்பன் கொஞ்ச நேரம் அவளோடு நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று கூட்டத்துக்குள் போனான்.  கயிற்றைத் தாண்டி உள்ளே போய், சன்னதிக்கு நேராக நின்று, ஊரைப் பார்த்துத் திரும்பினான். கையை உயர்த்தினான். அவன் வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, அவன் பேசினான்.

போன வருசம் இதே இடத்தில் சொல்லாமல் விழுங்கியதைத்தான் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். “வேணாம் மாமா” என்று தன்னையறியாமல் சொன்னாள்.

பம்பை அடித்துக்கொண்டிருந்தது. உடுக்கை, குலவை, “கோவிந்தா” சத்தம். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவன், பாவம் கும்பிடுகிறான் என்று வழிவிட்டு ஒதுங்கினான். கொளஞ்சியப்பன் ராஜாங்கத்தின் கையைப் பிடித்தான். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். அவன் சொன்னான். அவர் சத்தத்தில் ஒன்றும் புரியாமல் தலையைத் தலையை ஆட்டினார். அவன் கண்ணில் தண்ணி நிற்பதைப் பார்த்து அவருக்கும் மனசு இளகிவிட்டது. தட்டிலிருந்து ஒரு கை குங்குமத்தை அள்ளி அவன் கையில் வைத்து மூடி, முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அவன் சன்னதியைப் பார்த்தான். வாயை ஒரு தடவை திறந்து மூடினான். வெளியே வந்தான்.

புளியமரத்தடிக்கு வந்து அவள் எதிரில் நின்று கையை விரித்தான். வேர்வையில் குங்குமம் கரைந்து விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது.

“சொல்லிட்டேன்” என்றான். அவளுக்கு மட்டும் கேட்கிற காற்றுச் சத்தத்தில்.

“யாருக்கும் கேக்கல மாமா.”

“தெரியும். அவளுக்குக் கேட்டிருக்கும்.”

செவ்வந்தி அந்தக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முந்தானையை விரித்து நீட்டினாள். அவன் கொட்டினான். அவள் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே தனசேகரன் காலில் பூசாரி தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே கையெடுத்துக் கும்பிட்டார்கள்.